சாமி மேடை முன்னால் மங்கிய தரை

விசாலாட்சி தன் வீட்டுத் தரையோடு இருபத்தைந்து வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தரை பதில் பேசாது என்பதால் அவளுடைய வசவையெல்லாம் புருஷன் கோவிந்தராசுதான் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சிங்கப்பூர் தோ பாயோவில் பத்தாவது மாடி வீடு. அடுக்குமாடிப் புளோக்கில் ஆளாளுக்குப் பளிங்கு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவரும் வீம்புக்குப் போட்டார். வெள்ளைப் பளிங்கு. போட்ட புதிதில் மனுஷன் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. செம்பவாங் கப்பல் பட்டறையில் கூட வேலை பார்த்தவர்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து, செருப்பை வாசலிலேயே விடச் சொல்லி, கூடத்தில் நடக்கவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டார். பளிங்கும் அவர் மானத்தைக் காப்பாற்றியது, ஒரே ஓர் இடத்தைத் தவிர.

அந்த இடம் கூடத்தில் சாமி மேடைக்கு நேர் முன்னால், ஒரு சின்னப் பாய் விரிக்கிற அளவு. வருஷம் ஆக ஆக அது மட்டும் மங்கிக்கொண்டே போனது. விசாலாட்சி சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கோவிந்தராசு தீபாவளிக்குத் தீபாவளி மெழுகு வாங்கிவந்து பூசினார். பூசிய மெழுகு பூசிய மேனிக்கு மஞ்சள் பூத்து, வெற்றிலை போட்ட பல் மாதிரி ஆனதுதான் மிச்சம்.

“எல்லா இடமும் மினுக்குது, சாமிக்கு முன்னாடி மட்டும் செத்துக் கெடக்குது. நல்ல கல்லாப் பாத்து வாங்கத் தெரியுதா உங்களுக்கு? எவனோ தலையில கட்டிட்டான்” என்பாள்.

“ஆமா, நான் கல்லுக்குள்ள பூந்து பாத்துட்டுத்தான் வாங்கணும்” என்பார் இவர். அவ்வளவோடு அன்றைய சண்டை முடியும். அடுத்த வாரம் மறுபடியும் ஆரம்பிக்கும்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் அந்தச் சண்டை நின்றுபோனது. ஒரு காலையில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து கரண்டி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கால், வலது கை இரண்டையும் ஒரேயடியாகப் பிடித்து இழுத்துவிட்டது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதை மட்டும் ஆண்டவன் பத்திரமாக விட்டுவைத்தான் என்று கோவிந்தராசு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவார்.

காலுக்கு மெல்ல உயிர் திரும்பியது. கம்பு ஊன்றி நடக்கப் பழகிவிட்டாள். கைதான் அசைய மறுத்தது. அசைய மறுத்தது என்பதைவிட, அசைக்க இவள் மறுத்தாள் என்பதே சரி. டாக்டர் உடைத்தே சொல்லிவிட்டார்: முதல் சில மாதங்கள்தான் பொன்னான காலம், விடாமல் பழக்கினால் கை திரும்பும், விட்டுவிட்டால் இறுகிப்போகும். பயிற்சி கொடுக்க வந்த பெண் ஓட்டை போட்ட பலகையும் பிளாஸ்டிக் குச்சிகளும் கொண்டுவந்து வைத்தாள்.

“இந்தக் குச்சிய அந்த ஓட்டையில வைக்கணுமாம்” என்றாள் விசாலாட்சி. “வெச்சு? மறுபடி எடுக்கணுமாம். இதுக்கா நான் பொறந்தேன்? எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

“கைக்காகத்தானே விசாலம்…”

“இந்தக் கை இனிமே யாருக்கு, எதுக்கு? உங்களுக்குச் சோறு ஆக்கிப் போடப் பொண்ணு ரக்ஷனா இருக்கா. கடையில விக்கிறான். விடுங்க.”

விடுங்க என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய கோபம் கோவிந்தராசுக்குப் பழக்கம்தான். ‘விடுங்க’ என்பதை அவர் அவள் வாயிலிருந்து கேட்டதேயில்லை.

அன்றைக்கு எம்.ஆர்.டி. ரயிலில் வீடு திரும்பும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அவள் வீட்டுக்கு வரும்போது தரை மின்ன வேண்டும். சாமிக்கு முன்னால் செத்துக் கிடக்கும் அந்த இடம் உயிரோடு இருக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டுக் கேட்டதில் இவர் செய்து கொடுக்காதது அது ஒன்றுதான். அதைப் பார்த்தாவது, அடுத்து இன்னொன்றுக்கு ஆசைப்பட மாட்டாளா?

மகள் ரக்ஷனாவுக்கு இதில் சம்மதமில்லை. ஜூரோங்கில் குடியிருக்கும் அவள் தினமும் வேலை முடிந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, இங்கே வந்து அப்பாவையும் பார்த்துவிட்டுப் போவாள்.

“அப்பா, அம்மா கம்பு வெச்சு நடக்கிறாங்க. பாலிஷ் பண்ணி வழுக்கிச்சுன்னா? பேசாம மேல வினைல் ஒட்டிடலாம் லா. சேஃப், ஈஸி, ஒரே நாள்ல முடிஞ்சிடும்.”

“பளிங்கு மேல பிளாஸ்டிக்கா? உங்கம்மா என்னைத் தொலைச்சுடுவா.”

“வழுக்குமா இல்லையான்னு கேட்டுட்டாச்சும் செய்யுங்க.”

கேட்டார். தேக்கா கோப்பிக் கடையில் பல வருஷப் பழக்கம் சேக் தாவூது. வீடு வீடாகப் போய்ப் பளிங்கைத் தேய்த்து மெருகேற்றுவது அவர் தொழில். மெஷினும் அவரே, முதலாளியும் அவரே. வாய் மட்டும் ரெண்டு ஆள் வாய். ஈரமில்லாமல் வைத்திருந்தால் வழுக்காது, வேண்டுமானால் குளியலறை வாசலில் மட்டும் ஒட்டுப் பாய் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதை ரக்ஷனாவும் கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

வந்த அன்று தாவூது கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, மங்கிய இடத்தை நகத்தால் சுரண்டி, நகத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

“அண்ணே, கல்லு சாகலண்ணே. மேல நீங்க போத்தின மெழுகுதான் செத்துருக்கு. இப்படியா போடுவீங்க, தோசைக்கு நெய் ஊத்துற மாதிரி?”

“பேசாம வேலையப் பாருய்யா.”

சுவரெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, சோபாவை அறைக்குள் தள்ளி, அடுப்படிப் பக்கத்திலிருந்து மெஷின் புறப்பட்டது. அடேயப்பா, என்ன சத்தம்! தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, அடியில் சுழலும் தட்டு கல்லைத் தேய்த்து, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாய் ஒரு குழம்பை வழியவிட்டது. முதலில் முரட்டுத் தட்டு. அதை மாற்றிக் கொஞ்சம் மிருதுவானது. அப்புறம் அதைவிட மிருதுவானது. ஒவ்வொரு சுற்றுக்கும் குழம்பை உறிஞ்சி எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தட்டு. கோவிந்தராசு உதவிக்கு நிற்கிறேன் என்று நின்றார். உண்மையில் வேடிக்கை பார்த்தார்.

வெள்ளைக் கல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது தேய்த்த இடத்திலெல்லாம் கல்லுக்குள் சாம்பல் நரம்புகள் தெரிந்தன. ஒன்று பிரிந்து இரண்டாகி, ஒரு கற்பலகையில் மறைந்து அடுத்த பலகையில் தலைகாட்டியது. மேலே தெரிகிறது என்று பார்த்தால் உள்ளே ஆழத்தில் ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே போன மேகம் தரைக்குள்ளும் போனது. காலை எடுத்துவைக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. கப்பலின் இயந்திரத்தையே கிரேனில் தூக்கிவைத்தவர், தன் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடம் தேடி நின்றார்.

“இவ்வளவும் உள்ளயே இருந்துச்சா தாவூது?”

“உள்ளதான் இருந்துச்சு. நாம என்ன புதுசா கொண்டாந்தா வெச்சோம்? மேல கெடந்த கீறலத்தானே எடுக்குறோம்.”

சாமி மேடை முன்னால் இருந்த இடத்தைத் தாவூது கடைசிக்கு வைத்திருந்தார். மெழுகு கரைக்கிற மருந்தைத் தெளித்து ஊறவிட்டு, மஞ்சள் மஞ்சளாய் வந்ததை வழித்தெடுத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தார். மெஷினுக்கு முரட்டுத் தட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மணி ஐந்து தாண்டியிருக்கும். சாயங்கால வெயில் எதிர் புளோக்கின் இடுக்கு வழியாக வந்து, ஜன்னலில் நுழைந்து, தரையோடு தரையாகப் படுத்தது.

“தாவூது, நில்லு.”

“என்னண்ணே?”

“மெஷினத் தொடாத. நில்லு.”

தரையில் ஒரு தாமரை இருந்தது.

கோவிந்தராசு ஒரு பக்கம் நகர்ந்தார். காணோம். மறுபடி பழைய இடத்துக்கு வந்து குனிந்தார். இருந்தது. வெயில் படுகிற சாய்விலிருந்து பார்த்தால் மட்டும் தெரிந்தது. நடுவிலிருந்து எட்டுப் பக்கமும் இதழ் விரித்து, ஒரு கோடு இன்னொரு கோட்டுக்குள் புகுந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத ஹிருதய கமலம். கோடுகள் மங்கலாகவும் இடைவெளிகள் மினுமினுப்பாகவும் இருந்தன.

இரண்டு பேரும், நன்றாக வளர்ந்த இரண்டு ஆண்பிள்ளைகள், தரையில் குப்புறப் படுத்துவிட்டார்கள். அந்த நேரம் யாராவது வாசல் வழியாக எட்டிப் பார்த்திருந்தால் ஆம்புலன்சுக்குச் சொல்லியிருப்பார்கள்.

“யா அல்லாஹ்” என்றார் தாவூது.

கிட்டத்தில் பார்க்கப் பார்க்க அது ஒரு தாமரை இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக, மயிரிழை தள்ளி, நூல் தள்ளி, எத்தனையோ தாமரைகள். ஓர் இதழின் விளிம்பு ஒற்றைக் கோடாக இல்லாமல், குளத்தில் கல் விழுந்த அலை மாதிரி வரி வரியாக இருந்தது. நடுப்புள்ளி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. நான்கு பலகைகள் சேரும் மூலையில் அது கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கோவிந்தராசுக்கு மயிர்க்கூச்செறிந்தது. விசாலாட்சி எப்போதும் அந்த மூலையில்தான் முதல் புள்ளி வைப்பாள்.

“யார் செதுக்குனாண்ணே இத?”

“யாரும் செதுக்கல. என் பொண்டாட்டி வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போட்ட கோலம். அடுத்த நாள் ஈரத்துணியால தொடச்சிடுவா.”

“கோலம் எப்படிண்ணே கல்லுல எறங்கும்? மாவு கல்ல ஒண்ணும் பண்ணாதே.” தாவூது விரலால் ஒரு கோட்டைத் தடவினார். “அரிச்சிருக்கு. பளிங்கு சுண்ணாம்பு வகை. புளிப்புதான் அதுக்கு எமன். எலுமிச்சம்பழம், புளி, தயிர், எது பட்டாலும் மேல இருக்குற பளபளப்பத் தின்னுரும். அண்ணி கோலத்துல எலுமிச்சை கிலுமிச்சை பிழிவாங்களா?”

“சாமிக்கு முன்னாடி யாருய்யா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கோலம் போடுவா?” என்று ஆரம்பித்த கோவிந்தராசு அப்படியே நிறுத்திக்கொண்டார்.

தோசை மாவு!

வெள்ளிக்கிழமைக்கு அவள் மாக்கோலம்தான் போடுவாள். அதற்கென்று தனியாக அரிசி ஊறவைத்து அரைப்பதில்லை. வாரம் முழுக்கத் தோசை ஊற்றி, அடிப்பானையில் புளித்துப் பொங்கி நிற்கிற கடைசி மாவைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்வாள். ஒரு துண்டுத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் வைத்து இறுக்க, மோதிர விரல் வழியாக மாவு இழையாக இறங்கும். அவருடைய அக்கா ஒருமுறை பார்த்துவிட்டு, மீந்த மாவில் சாமிக்குக் கோலமா என்று முகம் சுளித்தாள். ‘வீணாக்குனாத்தான் சாமி கோவிச்சுக்கும்’ என்று இவள் வெட்டிப் பேசியது இன்னும் அவர் காதில் இருக்கிறது.

கோவிந்தராசு தரையில் படுத்தபடியே சிரிக்கத் தொடங்கினார். கல்லைத் திட்டினாளே, கடைக்காரனைத் திட்டினாளே, என்னைத் திட்டினாளே! வாரா வாரம் தன் கையாலேயே கல்லைப் புளிக்கவைத்துவிட்டு, வாரா வாரம் என்னிடம் சண்டை! சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அதற்கப்புறம் சிரிப்பு நின்றது, கண்ணீர் நிற்கவில்லை. அந்தக் கையல்லவா அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணை மேல் கிடக்கிறது!

தாவூது எழுந்து மெஷினின் கைப்பிடியைப் பிடித்தார்.

“சொல்லுங்கண்ணே. மெஷின் ஒரு சுத்து சுத்துனாப் போதும். எல்லாம் போயிடும், கண்ணாடி மாதிரி ஆயிடும்.”

“வேணாம்.”

“அண்ணி கேட்டதே இந்த எடத்துக்குத்தானேண்ணே?”

“வேணாம்னு சொல்றேன்ல. சுத்தி மட்டும் பண்ணு. இதத் தொடாத.”

சாயங்காலம் வந்த ரக்ஷனா, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்த இடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தாள். வினைல் பேச்சை அப்புறம் அவள் எடுக்கவில்லை.

விசாலாட்சி வீட்டுக்கு வந்த நாளில், வாசலிலேயே நின்றுவிட்டாள். இடது கையில் கம்பு. வலது கை மடிந்து மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் வானம் கிடந்தது. எதிர் புளோக்கின் மாடிகளும், காயப்போட்ட துணிகளும், ஒரு பறவையும் தலைகீழாகத் தரைக்குள் இருந்தன.

“யார் வீட்டுக்குங்க கூட்டியாந்தீங்க?” என்றாள் மெதுவாக.

“உன் வீடுதான். வா.”

“மிதிக்கலாமா?” சின்னப் பெண் மாதிரிக் கேட்டாள். கோவிந்தராசுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கல்லைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

ஆனால் பெரிய விருந்தை அவர் சாயங்காலத்துக்கு வைத்திருந்தார். வெயில் சாய்ந்ததும் நாற்காலியைச் சரியான கோணத்தில் போட்டு, அவளை உட்காரவைத்து, மேடையில் விளக்கையும் ஏற்றினார். ரக்ஷனா பக்கத்தில் நின்றாள். தாமரை எழுந்தது.

விசாலாட்சி பார்த்தாள். மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. அவள் கண் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போய், வளைந்து, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்தது. கோவிந்தராசு புளித்த மாவுக் கதையைச் சொல்லி, அழிக்க வந்தவரைத் தடுத்துத் தான் காப்பாற்றியதையும் பெருமையாகச் சொல்லி முடித்தார். பாராட்டுக்குக் காத்திருந்தார்.

“எனக்கு முன்னாடியே சமாதி கட்டிட்டீங்களா?” என்றாள் அவள்.

“விசாலம்! என்ன பேச்சு இது?”

“பின்ன என்ன? இனிமே இவ எங்க போடப்போறா, போட்டதையாவது பத்திரமா வெச்சுக்குவோம்னுதானே? மாலை ஒண்ணுதான் போடல.”

அவள் சொன்னதுதான் உண்மை. தரையில் படுத்து அழுத அந்தச் சாயங்காலம் அவர் மனத்தில் ஓடியது அதுவேதான். அவள் நாற்காலியைத் திருப்பச் சொன்னாள். அன்றைக்கு அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. செய்தது எல்லாம் பாழாகிவிட்டது, ஆசையைத் தூண்டப் போய் இருந்த துளியையும் அணைத்துவிட்டோம் என்று மனுஷர் இடிந்துபோனார்.

மறுநாள் அதே நேரத்துக்கு, வெயில் தரையில் படுத்ததும், அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தவரை அவள் கூப்பிட்டாள்.

“என்னங்க. என்னைக் கீழ எறக்குங்க.”

“எங்க?”

“தரையிலங்க. அங்க.”

ரக்ஷனா இருந்தால் விட்டிருக்க மாட்டாள். நல்லவேளை, அவள் இன்னும் வந்துசேரவில்லை. கோவிந்தராசு ஒரு மெத்தையைத் தள்ளிப் போட்டு, அக்குளுக்குள் கை கொடுத்து, முதுகை வளைத்து நின்றார். எத்தனையோ டன் இரும்பைப் பூப்போல இறக்கிய ஆள், இந்தச் சுமையை அங்குலம் அங்குலமாக இறக்கினார்.

“மெதுவா… இன்னும் கொஞ்சம்… எடது பக்கம்… எறக்குங்க… போதும், நிறுத்துங்க!” பட்டறையில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிறவன்கூட இவ்வளவு அதிகாரமாகச் சொன்னதில்லை.

கோலத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு வாங்கினாள். இடது கையால் வலது கையைத் தூக்கி, ஒரு பாத்திரத்தை நகர்த்துவது மாதிரி நகர்த்தி, இதழின் நுனியில் வைத்தாள். மடங்கிய விரல்களில் மோதிர விரலை மட்டும் பிரித்துக் கல்லில் பதித்தாள். அப்படியே இழுத்தாள். ஆஸ்பத்திரியில் அந்த விரலில் ஐஸ் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், பிரஷ் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். எதுவும் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

விரல் மினுமினுப்பைத் தாண்டிக் கோட்டுக்குள் இறங்கியது. அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஏங்க.”

“என்ன, வலிக்குதா?”

“சொரசொரன்னு இருக்கு.”

“எது?”

“கோடு. கோடுங்க! வழவழன்னு போகுது, அப்புறம் சொரசொரங்குது. எனக்குத் தெரியுது.”

அவள் இன்னொரு முறை இழுத்தாள். கோட்டை விட்டு விலகினால் வழவழப்பு. கோட்டுக்குள் வந்தால் சொரசொரப்பு. கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். செத்துப்போனதாக அவள் தலை முழுகியிருந்த விரல், செத்துப்போனதாக அவள் திட்டித் தீர்த்த கல்லில் வழி கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருந்தது. கோவிந்தராசு கையெடுத்துக் கும்பிட்டார். மேடையில் இருந்த சாமியையா, தரையையா, அவளையா என்று அவருக்கே தெரியாது.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அதுதான் அவர்கள் வீட்டு வேலை. முதலில் இடது கை வலது கையை இழுத்துக்கொண்டு போனது. பிறகு கூடவே போனது. பிறகு ஒரு நாள் இடது கை மடியிலேயே இருந்தது. நடுவில் சண்டைக்கும் குறைவில்லை. கை கோட்டை விட்டு ஓடினால் கல்லைத் திட்டுவாள். கல் சரியாக இருந்தால் கோவிந்தராசைத் திட்டுவாள். ‘விடுங்க’ என்று மட்டும் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோது, குச்சிகளை எடுத்து ஓட்டையில் வைத்துவிட்டு, “இதென்ன பிரமாதம்” என்று கேட்டுவிட்டு வந்தாளாம்.

ஒரு வியாழக்கிழமை, கோவிந்தராசு தேக்காவில் பூ வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், உள்ளே விசாலாட்சி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஆமா தம்பி, அந்த எடம்தான். உங்க அண்ணன் தடுத்தாரே, அதேதான். நாளைக்குக் காலையில வந்துருங்க. மெஷினோட.”

போனை அவள் வலது கையால் பிடித்திருந்தாள். அதைக் கவனித்த சந்தோஷம் முழுசாக இறங்குவதற்குள் அவள் சொன்னது மண்டையில் உறைத்தது.

“அழிக்கப் போறியா? விசாலம், வேணாம். இருக்கட்டும். அது உன் கை.”

அவள் வலது கையைத் தூக்கி அவர் முகத்துக்கு முன்னால் காட்டினாள். முழுக்க விரியவில்லை. சுண்டு விரல் இன்னும் மடிந்துதான் இருந்தது. லேசாக நடுங்கியது.

“என் கை இங்க இருக்குங்க.”

“ஆனா… அத்தனை வருஷத்துக் கோலம்…”

“நேத்துக் கோலத்து மேலயே இன்னிக்குக் கோலம் போடுவாங்களா? எந்த வீட்டுல அந்த வழக்கம்? தொடச்சிட்டுத்தானே போடணும்? நான் தொடைக்காம விட்டது கொஞ்சம் அதிகமாயிருச்சு, அவ்வளவுதான்.”

மறுநாள் தாவூது வந்தார். மெஷினை வைத்துவிட்டு ஒருமுறைக்கு இருமுறை அவளைப் பார்த்தார். “அண்ணி, போனாப் போனதுதான். திரும்ப வராது” என்றார். அவள் தலையாட்டினாள். கோவிந்தராசு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார், ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெள்ளைக் குழம்பு வழிந்தது. இதழ் இதழாக, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக அது கரைந்து போய்க்கொண்டிருந்தது. விசாலாட்சி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினார். மாவு எவ்வளவு கரைக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற முகம்தான் இருந்தது.

தட்டு மாற்றித் தட்டு மாற்றி, கடைசித் துடைப்பும் முடிந்தபோது, மேடையில் எரிந்த விளக்கு தரைக்குள்ளும் எரிந்தது. சுடர் அசைந்தால் உள்ளேயும் அசைந்தது. இருபத்தைந்து வருஷச் சண்டை முடிந்த இடத்தில் கல் அப்படி ஓர் ஆழத்தோடு திறந்து கிடந்தது. தாவூதே தன் வேலையைத் தானே பார்த்து, “மாஷா அல்லாஹ்” என்று சொல்லிக்கொண்டார்.

“எறக்குங்க என்னை” என்றாள் விசாலாட்சி. “மாவு அடுப்படியில இருக்கு. பச்சரிசி, காலையிலதான் அரைச்சேன். புளிச்சதுன்னு நெனச்சுக் கீழ ஊத்திராதீங்க.”

நான்கு பலகைகள் சேரும் மூலையில் முதல் புள்ளி விழுந்தது. நனைத்த துணியைக் கை இறுக்கிப் பிடித்தது. மோதிர விரல் வழியாக மாவு இறங்கியது. இப்போது விரலுக்கு வழி காட்டக் கோடு இல்லை, வழவழப்பு மட்டும்தான் இருந்தது. முதல் இதழ் ஒரு பக்கமாகச் சரிந்தது. இரண்டாவது போய்ச் சேர வேண்டிய புள்ளியைத் தாண்டிப் போய்த் திரும்பியது. ஒவ்வொரு கோட்டுக்கும் தரைக்குள்ளிருந்து இன்னொரு கோடு எழுந்து வந்து அதைத் தொட்டது. கோவிந்தராசு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி இதழ் சேர்ந்தபோதுதான் மூச்சு விட்டார்.

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“கோணலா இருக்கு, இல்ல?”

“கோணலாத்தான் இருக்கு” என்றார். அவளிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“இருக்கட்டும். நாளைக்குத் தொடச்சிட்டு மறுபடி போடுறேன்.”

கோவிந்தராசு பூவை எடுத்துவர உள்ளே போனார்.